இயக்கமும் ஆளுகையும்
இறக்கக்கண்டிக் கரையிலிருந்து ஒரு பொறியியல் ஆராய்ச்சி

விசை வேறு, விசையை ஆளும் முறை வேறு. இவ் வேறுபாட்டைத் தெளிவுற உணராதவர் இயந்திரக் கலையின் வரலாற்றை முழுதும் உணர்ந்தவராகார். நீராவிப் பொறி, எண்ணெய்ப் பொறி, மின்மோட்டார் ஆகியவற்றின் வளர்ச்சியைப் பாடநூல்கள் விரிவாகக் கூறுகின்றன. ஆயின், அப்பொறிகளை வேண்டிய வேகத்திற் செலுத்தி, வேண்டிய திசையிற் திருப்பி, வேண்டிய இடத்தில் நிறுத்தும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பதை அவை பெரும்பாலும் ஓரிரு பக்கங்களில் முடித்துவிடுகின்றன. எஞ்சிய அப்பகுதியையே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுகின்றோம்.

இதற்கு மேனாட்டுத் தொழிற்சாலைகளை நோக்கி உடனே செல்லவேண்டிய தேவை நமக்கில்லை. இறக்கக்கண்டி தொடக்கம் சீனன்குடா வரையுள்ள நம் கரையோரத்திலேயே இவ்வரலாற்றின் ஒவ்வொரு படிக்கும் ஓர் எடுத்துக்காட்டுக் கிடைக்கின்றது. அவற்றுள் ஒன்று பெருந்தோல்வியாகும். அதனையும் உரிய இடத்திற் கூறுவோம்.

1. கரைவலை புகட்டும் பாடம்

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளியைக் கடந்து குச்சவெளி நோக்கிச் செல்லும் கரையோர வீதியில் அமைந்த ஊர் இறக்கக்கண்டி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இக்கரையோரத்திலே தொன்றுதொட்டு நடைபெற்றுவரும் தொழில்களுள் கரைவலை இழுத்தல் ஒன்று. அதனைப் பார்த்தறியாத மாணாக்கர் நம்மிடையே குறைவு. ஆயினும் பொறியியற் கண்கொண்டு பார்த்தவரும் குறைவே.

வலைக்கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டு, தோணி கடலுட் சென்று அரைவட்டமாக வலையை இறக்கி, மறு தலைப்பைச் சிறிது தொலைவிற் கரைசேர்க்கின்றது. பின்னர் இரு குழுவினர் இரு கயிறுகளையும் இழுக்கின்றனர். இரு பக்கமும் ஒத்த வேகத்தில் வந்தாற்றான் நடுவிலுள்ள மடி நேராகக் கரை நோக்கி வரும். ஒரு பக்கம் முந்தினால் மடி கோணும், மீன் தப்பும். ஆகவே, வலையை வழிநடத்தும் மூத்தவர் ஒருவர் கரையில் நின்று நீர்மேல் மிதக்கும் மிதப்புகளின் வரிசையை உற்றுநோக்குகின்றார். வளைவு ஒருபுறம் சரிந்தால் அப்புறத்தாரைத் தளர்த்துமாறும் மறுபுறத்தாரை விரைந்திழுக்குமாறும் குரலாலும் கையாலும் பணிக்கின்றார்.

இங்கே நடைபெறும் செயல்கள் மூன்று. முதலாவது, நடப்பதைக் காணுதல். இரண்டாவது, நடப்பதை நடக்கவேண்டியதோடு ஒப்பிட்டு வேறுபாட்டை அறிதல். மூன்றாவது, அவ்வேறுபாடு குறையுமாறு விசையை மாற்றுதல். விளைவு மீண்டும் கண்ணுக்குத் தெரிய, இச்சுற்றுத் தொடர்கின்றது. பொறியியலார் இதனைப் பின்னூட்டல் என்பர். கண்ணின் வேலையைச் செய்யும் கருவியை உணரி என்றும், கையின் வேலையைச் செய்வதைச் செயற்படுத்தி என்றும், இடைநின்று ஒப்பிட்டு முடிவு செய்வதைக் கட்டுப்படுத்தி என்றும் வழங்குவர். இன்று உலகின் எத்தொழிற்சாலைக்குட் புகுந்தாலும் இம்மூன்றையே வெவ்வேறு உருவங்களிற் காண்போம்.

கயிறிழுப்போர் பாடும் அம்பாப் பாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. பலருடைய கைகள் ஒரே கணத்தில் இழுத்து ஒரே கணத்தில் ஓய அப்பாட்டின் தாளம் உதவுகின்றது. கணிப்பொறிகளுக்குள் ஓயாது துடிக்கும் நேரத்துடிப்பு, பல உறுப்புகளையும் ஒரே கணத்தில் இயங்கச் செய்வதும் இத்தொழிலே.

அண்மை ஆண்டுகளில் வட கிழக்குக் கரைகள் சிலவற்றில், உழவியந்திரத்தோடு பொருத்திய கயிறு சுருட்டும் பொறிகளால் கரைவலை இழுக்கும் வழக்கம் பரவிற்று. பலர் கைகளின் வேலையை அப்பொறி செய்தமையால் தொழிலிழந்தோர் முறையிட்டனர். கடலடி வளம் கெடுகின்றதென்றும் வாதம் எழுந்தது. அவ்வாதத்தின் முழுப் பரப்பையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் அதனுள் ஒரு பொறியியல் உண்மை அடங்கியுள்ளது. வலை பாரிற் சிக்கினால், இழுப்பவனின் உள்ளங்கை கயிற்றின் விறைப்பை உடனே உணரும், அவன் தளர்த்துவான். சுருட்டுபொறிக்கோ உள்ளங்கை இல்லை. கயிறோ வலையோ அறும்வரை அது இழுத்துக்கொண்டேயிருக்கும். பலருடைய புயங்களைப் பொறி கொண்டுவந்தது; அவர்களுடைய கைகளிலிருந்த உணர்வைக் கரையிலேயே விட்டுவிட்டது. இயக்கமும் ஆளுகையும் தனித்தனி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2. விசை பெருகிய வழி

விசையைப் பெருக்கும் வழிகளுள் நீர்மத்தின் வழி மிகப் பழையதும் மிக எளியதுமாகும். அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என 17 ஆம் நூற்றாண்டிற் பாஸ்கால் காட்டினார். 2 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள சிறு முசலத்தின்மீது 10 கிலோ பாரத்தை வைத்தால், அதனோடு குழாயால் இணைந்த 200 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள பெருமுசலம் 1,000 கிலோவைத் தாங்கும். ஆனால் சிறு முசலம் 100 சென்ரிமீற்றர் இறங்கினாற்றான் பெருமுசலம் 1 சென்ரிமீற்றர் ஏறும். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை.

இவ்விதியைப் பயன்கொண்டு 1795 இல் யோசேப்பு பிராமா என்னும் ஆங்கிலேயர் நீரமுக்கப் பொறிக்கு உரிமைச்சீட்டுப் பெற்றார். 1846 இல் வில்லியம் ஆம்ஸ்ட்ரோங் நியூகாசில் துறையில் நீர்விசையால் இயங்கும் பாரந்தூக்கியை நிறுவினார். அதன்பின்னர் 19 ஆம் நூற்றாண்டின் துறைமுகங்களில் பாரந்தூக்கிகளும் மதகுக் கதவுகளும் திறக்கும் பாலங்களும் நீர்விசையால் இயங்கலாயின. இன்று அந்நீரின் இடத்தை எண்ணெய் பெற்றுள்ளது. மண்வெட்டும் பொறிகளின் கைகளிலும், விமானத்தின் சக்கரங்களை மடக்கும் உறுப்புகளிலும், கப்பலின் சுக்கான்களிலும் செயற்படுவது பாஸ்காலின் அதே விதிதான்.

மின்மோட்டாரின் வருகையோடு மற்றொரு வழி திறந்தது. தொடக்கத்தில் மோட்டாரின் வேகத்தை மாற்றுதல் கடினமாகவும் வீண்செலவாகவும் இருந்தது. 1891 இல் ஹரி வார்ட் லெனார்ட் என்னும் அமெரிக்கர், மோட்டாருக்கு மின்னளிக்கும் பிறப்பாக்கியின் புலத்தை மாற்றுவதால் மோட்டாரின் வேகத்தைத் தங்குதடையின்றிக் கூட்டியும் குறைத்தும் காட்டினார். மின்னுயர்த்திகள், சுரங்கச் சுருட்டுபொறிகள், எஃகு உருளையாலைகள் ஆகியவற்றில் அம்முறை நெடுங்காலம் ஆட்சி புரிந்தது. பின்னர் குறைகடத்திகள் வந்து அவ்விடத்தைக் கைக்கொண்டன.

3. மாவாலையிற் பிறந்த கருவி

விசையை ஆளும் கலையின் தோற்றமோ இவற்றினும் பழையது. நம் மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்தைப் போன்ற பெருங்குளங்களை நோக்குக. துருசைத் திறப்பதும் மூடுவதும் மனிதன் கையிலுள்ளன. அவன் தவறினால் நீர் கூடும் அல்லது குறையும். வானோ அவ்வாறன்று. நீர்மட்டம் குறித்த உயரத்தைக் கடந்தவுடன் எவர் ஆணையுமின்றி வான் பாயத் தொடங்குகின்றது. மட்டம் இறங்கியவுடன் தானே நின்றுவிடுகின்றது. அளவிடுவதும் திருத்துவதும் ஒரே கட்டின் விளிம்பில் நிகழ்கின்றன. பொது ஆண்டுக்கு முன் 3 ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியசு என்பவர் தம் நீர்க்கடிகாரத்தில் மிதவையொன்றை அமைத்து நீர்மட்டத்தை மாறாது காத்தார் என்பர். வீட்டுத் தண்ணீர்த் தாங்கியிலுள்ள மிதவைக் குமிழ் அதன் வழித்தோன்றலேயாம்.

புதுக்காலத்து ஆளுகைக் கலையின் தொட்டில் மாவாலை என்பது பலர் அறியாத செய்தி. காற்றாலைகளிற் காற்று விரையுந்தோறும் கல்லின் சுழற்சி கூடும். அரைகற்களின் இடைவெளி மாறி மாவின் தரம் கெடும். இதனைத் தடுக்க, சுழலும்போது வெளிநோக்கி விரியும் குண்டுகளைக் கொண்டு இடைவெளியைத் திருத்தும் கருவிகளை ஆலைத் தச்சர் அமைத்தனர். இலண்டனிலிருந்த அல்பியன் மாவாலையில் இத்தகைய கருவியைக் கண்ட மத்தேயு போல்ற்றன், தம் பங்காளியாகிய ஜேம்ஸ் வாட்டுக்கு 1788 இல் அதனைப் பற்றி எழுதினார். வாட் அதனை நீராவிப் பொறியோடு இணைத்தார். பொறி விரைந்தால் குண்டுகள் விரிந்து உயரும், அவற்றோடு பிணைந்த நெம்பு நீராவி வாயிலை ஒடுக்கும், வேகம் தணியும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழ, வாயில் விரியும். இவ்வேகச் சீராக்கியையே நம் மெக்கானிக்குகள் இன்றும் கவர்னர் என வழங்குகின்றனர். நிலாவெளி, குச்சவெளிப் பக்கங்களில் வெங்காயப் பாத்திகளுக்கு நீரிறைக்கும் சிறு டீசல் இயந்திரங்களின் வயிற்றிலும் அதன் சிறு வடிவம் ஒன்று சுழல்கின்றது.

இக்கருவிக்கு இரண்டு குறைகள் இருந்தன. அவற்றை அறிந்துகொண்டால் ஆளுகைக் கலையின் பாதியை அறிந்தவராவோம்.

முதற் குறையைத் தண்ணீர்த் தாங்கியைக் கொண்டே விளக்கலாம். மிதவை 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் வாயில் முழுதும் திறக்கும் எனக் கொள்வோம். வீட்டார் ஓயாது அரைக் குழாயளவு நீர் எடுத்தால், வாயில் பாதி திறந்திருக்கவேண்டும். அதற்கு மிதவை 5 சென்ரிமீற்றர் தாழ்ந்தே நிற்கவேண்டும். ஆகவே மட்டம் குறித்த இடத்துக்கு ஒருபோதும் திரும்புவதில்லை. வேறுபாடு இருந்தாற்றான் திருத்தம் நிகழும். திருத்தம் தொடர வேறுபாடும் தொடர்ந்தேயாகவேண்டும்.

இரண்டாவது குறை இதனினும் கொடியது. இம்முதற் குறையைப் போக்கக் கருவியின் கூருணர்வை மிகுத்தால், பொறி அமைதியிழந்து விரைவதும் தளர்வதுமாக ஊசலாடத் தொடங்கும். 1840 இல் கிறீனிச் வானாய்வு நிலையத்துத் தலைவர் ஜோர்ஜ் எயரி, தொலைநோக்கியை விண்மீன்களோடு ஒத்துத் திருப்பும் பொறியில் இவ்வூசலாட்டத்தைக் கண்டு அதனைக் கணித வழியில் ஆராய்ந்தார். 1868 இல் ஜேம்ஸ் கிளாக் மாக்ஸ்வெல் சீராக்கிகளைப் பற்றி எழுதிய ஆய்வுரை, எந்நிலையில் ஊசலாட்டம் அடங்கும், எந்நிலையிற் பெருகும் என்பதைச் சமன்பாடுகளால் நிறுவ முற்பட்டது. மின்காந்த அலைகளை முன்னறிந்து கூறிய அதே பேரறிஞர் ஆலைப் பொறியின் குண்டுகளைப் பற்றியும் சிந்தித்தார் என்பது நம் மாணாக்கர் நினைவிற் கொள்ளத்தக்கது. பட்டறை வினா எனச் சிறுமைப்படுத்தத்தக்க வினா ஒன்றுமில்லை.

4. சுக்கான் பிடித்தவனின் அறிவு

மாவாலையிலிருந்து நீராவிப் பொறிக்கு வந்த கருத்து, அடுத்துக் கப்பலேறிற்று. கப்பல்கள் பெருக்கப் பெருக்கச் சுக்கானைத் திருப்ப மாலுமிகளின் கைவலி போதவில்லை. 1866 இல் மக்பார்லன் கிறே என்பவர் நீராவியாற் சுக்கானைத் திருப்பும் பொறிக்கு உரிமைச்சீட்டுப் பெற்றார். அது அக்காலத்துப் பெருங்கப்பலாகிய கிறேட் ஈஸ்ரேணிற் பொருத்தப்பட்டது. மாலுமி சக்கரத்தைச் சிறிது திருப்பினால் நீராவி வாயில் திறக்கும். சுக்கான் அவ்வளவே திரும்பியவுடன் வாயில் தானே மூடும். விசை நீராவியினுடையது, கருத்து மாலுமியினுடையது. பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் யோசேப்பு பார்க்கோ 1873 இல் இத்தகைய பொறிகளைப் பற்றி நூல் எழுதி, அவற்றுக்கு ஏவலாள் மோட்டார் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். இன்று தொழிற்சாலைகள் எங்கும் வழங்கும் சேர்வோ என்னும் சொல் அப்பெயரின் பாதியாகும்.

1922 இல் நிக்கலாய் மினோர்ஸ்கி என்பவர், கைதேர்ந்த மாலுமி சுக்கானைப் பிடிக்கும் முறையைக் கூர்ந்து ஆராய்ந்து, தானே திசை காக்கும் கப்பலுக்குரிய கணிதத்தை வகுத்தார். அவர் கண்டதை நம் களப்பு வாயிலில் தோணி நுழைக்கும் எவரும் ஒப்புக்கொள்வர். தோணி எவ்வளவு விலகியுள்ளதோ அவ்வளவுக்குச் சுக்கானைத் திருப்புதல் முதற் பாடம். நீரோட்டம் ஓயாது ஒருபுறம் தள்ளுமாயின், விலகல் சிறிதெனினும் நெடுநேரம் நீடிப்பதைக் கண்டு, சுக்கானை நிலையாகச் சிறிது எதிர்ப்புறம் பிடித்தல் இரண்டாம் பாடம். தோணி திரும்பும் வேகத்தை நோக்கி, அது நேராகுமுன்னரே சுக்கானைத் தளர்த்தி எதிர்கொள்ளுதல் மூன்றாம் பாடம்.

இம்மூன்றையும் முறையே இப்போதுள்ள வழு, கடந்த வழுக்களின் கூட்டு, வழு மாறும் வேகம் எனக் கணிதம் பெயரிடுகின்றது. நிகழ்வு, இறப்பு, எதிர்வு என்னும் முக்காலமும் இவற்றுள் அடங்குவதைக் காண்க. இரண்டாவது உறுப்பு மிதவைத் தாங்கியின் நிலைத்த குறையைப் போக்கும். மூன்றாவது உறுப்பு எயரி கண்ட ஊசலாட்டத்தை அடக்கும். எண்ணெய் வடிப்பாலையின் வெப்பமும் காகித ஆலையின் உருளை வேகமும் இன்றும் பெரும்பாலும் இம்மூவுறுப்பு முறையாலேயே ஆளப்படுகின்றன.

தொலைபேசித் துறையும் இக்கருத்தை வேறு வழியால் வந்தடைந்தது. நெடுந்தொலைவுக்குக் குரலைப் பெருக்கியனுப்பும் பெருக்கிகள் குரலைத் திரித்தன. 1927 ஆகஸ்டு 2 இல், ஹட்சன் ஆற்றைப் படகிற் கடந்துகொண்டிருந்த ஹரோல்ட் பிளாக் என்னும் பொறியியலாளர், வெளிவரும் குரலின் ஒரு பங்கை உள்வரும் குரலோடு எதிரிட்டுச் சேர்த்தால் திரிபு குறையும் எனக் கண்டு, கையிலிருந்த செய்தித்தாளிலேயே குறித்துக்கொண்டார். பெருக்கத்தை ஓரளவு இழந்து உண்மையைப் பெற்றார் என்க. அத்தகைய சுற்று எப்போது நிலைகுலையும் என்பதை அறியும் முறையை 1932 இல் ஹரி நைகுவிஸ்ட் வெளியிட்டார்.

5. நம் துறைமுகத்தில் நேர்ந்த தோல்வி

இரண்டாவது உலகப்போர் இவ்வறிவுகள் அனைத்தையும் ஒன்றுகூட்டிற்று. விரைந்து பறக்கும் விமானத்தைக் குறிபார்க்கப் பீரங்கியைத் திருப்பும் வேலைக்கு மனிதக் கையும் கண்ணும் போதவில்லை. 1942 ஏப்பிரில் 9 இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, அக்குறைபாடு எத்தகையது என்பதை இத்துறைமுகமும் அறிந்தது. பீரங்கிகளை வழிநடத்தும் கருவிகளுக்காக நிகழ்ந்த ஆராய்ச்சியிலிருந்தே போருக்குப் பிந்திய ஆளுகைப் பொறியியல் தனித்துறையாக உருவாயிற்று. 1948 இல் நோபெர்ட் வீனர் வெளியிட்ட நூல், விலங்குக்கும் இயந்திரத்துக்கும் பொதுவான ஆளுகை நெறி உண்டு எனக் கூறி உலகின் கவனத்தை ஈர்த்தது.

அப்போரின்போதே, 1944 ஆகஸ்டு 8 இல், நம் துறைமுகத்தில் வேறொரு நிகழ்ச்சி நேர்ந்தது. பிரித்தானியக் கடற்படையின் வேலியன்ற் என்னும் போர்க்கப்பல் 30,000 தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையது. திருத்தவேலைக்காக அது மிதக்கும் உலர்துறை ஒன்றினுள் ஏற்றப்பட்டது. அத்தகைய துறையின் அடியிலும் பக்கங்களிலும் பல நீர்த்தாங்கிகள் உள்ளன. அவற்றில் நீரை நிரப்பினால் துறை அமிழும், கப்பல் உட்புகும். பின்னர் நீரை வெளியே இறைக்கத் துறை கப்பலோடு மேலெழும்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. கப்பலின் பாரம் முனை முதல் முனை வரை ஒரே சீராகப் பரந்திருப்பதில்லை. பீரங்கிக் கோபுரங்களும் பொறிகளும் உள்ள இடங்களிற் பாரம் மிகுதி. ஆதலால் எத்தாங்கியை எப்போது எவ்வளவு வெறுமையாக்குவது என்பது மேலுள்ள பாரத்துக்கேற்பவே முடிவு செய்யப்படவேண்டும். ஓரிடம் முந்தி எழுந்து மற்றோரிடம் பிந்துமாயின், துறை தடிபோல வளையும். அன்று தாங்கிகளை வெறுமையாக்கிய ஒழுங்கு கப்பலின் பாரப் பரம்பலுக்குப் பொருந்தவில்லை. கப்பலில் வெடிபொருள்கள் நிறைந்திருந்தமை நிலையை மேலும் மோசமாக்கிற்று. துறையின் முனைகளில் தகைப்பு மிஞ்சி, அது முதுகு முறிந்து அமிழ்ந்தது. கப்பலின் பொறிகளில் நீராவி அணையாதிருந்தமையால் அது பெருங்கேட்டினின்று தப்பிற்று. எனினும் அதன் உட்புறச் சுழலிகளும் சுக்கானும் பழுதுற்றன.

இந்நிகழ்ச்சியில் விசைக்குக் குறையிருக்கவில்லை. நீரிறைக்கும் பம்பிகள் தம் வேலையைச் செய்தன. அவை செய்த வேலையே துறையை முறித்தது. குறைந்தது யாதெனில், துறை எவ்வளவு வளைகின்றது என்பதைக் கணந்தோறும் அளந்து, அவ்வளவைக் கொண்டு இறைப்பைத் திருத்தும் சுற்றேயாகும். இக்காலத்து மிதக்கும் உலர்துறைகளில், ஒவ்வொரு தாங்கியின் நீர்மட்டமும் துறையின் வளைவும் கட்டுப்பாட்டு அறையில் இடையறாது காட்டப்படுகின்றன. வளைவு எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை எழுகின்றது. கரைவலையில் மிதப்பு வரிசையின் வளைவை நோக்கும் முதியவரின் கண்ணே ஆங்கு கருவியாக நிற்கின்றது. முறிந்த துறையின் எச்சங்கள் திருகோணமலைக் கடலடியில் இன்றும் கிடக்கின்றன.

6. எண்களாற் பேசும் இயந்திரங்கள்

போருக்குப் பின் வந்த பெருமாற்றம், அளவுகள் எண்களானமையாகும். 1952 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார், துளையிட்ட நாடாவிற் குறித்த எண்களின்படி உலோகத்தைச் செதுக்கும் பொறியைக் காட்சிப்படுத்தினர். 1961 இல் யூனிமேற் என்னும் இயந்திரக் கை ஒரு மோட்டார்க் கார்த் தொழிற்சாலையிற் பணிக்கமர்ந்தது. 1969 அளவில் ரிச்சட் மோர்லியும் அவர்தம் குழுவினரும் பீ. எல். சீ. எனப்படும் கட்டுப்படுத்தியைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அதுகாறும் தொழிற்சாலையின் வேலையொழுங்கை மாற்றவேண்டுமாயின் நூற்றுக்கணக்கான மின்னாளிகளின் கம்பிகளைக் கழற்றி மீண்டும் பூட்டவேண்டியிருந்தது. அதன்பின் கட்டளைகளை மாற்றி எழுதினாற் போதும் என்றாயிற்று. 1971 இல் விற்பனைக்கு வந்த நுண்செயலி, கட்டுப்படுத்தியின் விலையையும் பருமனையும் சுருக்கிற்று. இன்று சலவைப்பொறிக்குள்ளும் கொழும்புத் துறைமுகத்துக் கொள்கலப் பாரந்தூக்கிக்குள்ளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கருவிகளே இயங்குகின்றன.

கட்டுப்படுத்தி எத்துணை விரைவுடையதாயினும், உணரி பொய் கூறினால் அதுவும் பொய்யின்வழியே செல்லும். 2018 ஒக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எதியோப்பியாவிலும் போயிங் 737 மாக்ஸ் விமானங்கள் இரண்டு வீழ்ந்து 346 பேர் உயிரிழந்தனர். விமானத்தின் மூக்குக் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் உணரி தவறான அளவைக் கொடுக்க, அந்த ஒன்றையே நம்பிய தன்னியக்க ஏற்பாடு விமானத்தின் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தாழ்த்திற்று. விமானியின் கை மேலே உயர்த்த முயல, இயந்திரத்தின் கை கீழே அழுத்திற்று. திருகோணமலைத் துறையில் கண் இல்லாமையாற் கேடு. இங்கு பொய்க்கண்ணாற் கேடு.

7. நம் மாவட்டமும் நம் மாணாக்கரும்

இறக்கக்கண்டியிலிருந்து வடக்கே கரையோரமாகச் சென்றால் புல்மோட்டையை அடையலாம். கனிய மணற் கூட்டுத்தாபனம் 1957 இல் நிறுவப்பட்டதிலிருந்து அங்குள்ள கருமணல் தொழிற்பொருளாயிற்று. காந்தத்தால் ஈர்க்கப்படும் இல்மனைற்றை ஒருபுறமும், மின்னைக் கடத்தும் உறூற்றைலை ஒருபுறமும், கடத்தாத சேர்க்கனை ஒருபுறமும் பிரிக்கவேண்டும். மணல் வரும் வேகம், அதன் ஈரம், காந்தப் புலத்தின் வலிமை ஆகியவை எல்லைக்குள் நின்றாற்றான் பிரிவு தூயதாகும். தெற்கே சீனன்குடாவில் பிறீமா மாவாலை 1980 இல் தொழிற்படத் தொடங்கிற்று. அத்தகைய புதுமுறை ஆலைகளிற் கோதுமையின் ஈரத்தை அளந்து, அரைக்குமுன் சேர்க்கவேண்டிய நீரைத் திருத்துவர். உருளைகளின் இடைவெளியைக் காப்பர். போல்ற்றன் மாவாலையிற் கண்ட வினா இன்றும் மாவாலையை விட்டு நீங்கவில்லை. துறைமுகத்தை அடுத்துள்ள டோக்கியோ சீமெந்து ஆலையைப் போன்றவற்றில், அரைக்கும் உருளைக்குள் இட்ட சுமையை அறிந்து இடும் வேகத்தை மாற்றுதல் நாளாந்த வேலை.

ஆகவே நம் மாவட்டத்தில் விசைக்கும் பஞ்சமில்லை. விசையை ஆளும் கருவிகளுக்கும் பஞ்சமில்லை. வினா யாதெனில், அக்கருவிகளின் உட்பொருளை அறிந்த கைகள் எத்தனை என்பதே. விளக்கு எரிந்தாற் பொத்தானை அழுத்துவதற்கு மாத்திரம் பழகிய இளைஞன், பொறி வந்தவுடன் வேலையிழக்கும் முதல் ஆளாவான். எந்த அளவு எந்த உணரியிலிருந்து வருகின்றது, அது பொய்த்தால் எவ்வாறு கண்டுகொள்வது, ஊசலாட்டம் எழுந்தால் எவ்வுறுப்பைத் தணிப்பது என அறிந்தவனுக்கோ, பொறி வருந்தோறும் தேவை பெருகும். சுருட்டுபொறியோடு இழுவையை அளக்கும் எளிய கருவியொன்றையும், அளவு மிஞ்சினால் தளர்த்தும் தடுப்பையும் பொருத்தும் அறிவு கரையிலே இருக்குமாயின், அப்பொறியைப் பற்றிய வாதம் வேறு முறையில் நடக்கும். வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தொழிலாளரே தெளிந்து கூறுவர். எந்த ஆளுகைச் சுற்றிலும் வேண்டிய அளவு யாதென்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. மனிதரே முடிவு செய்கின்றனர். அம்முடிவைச் செய்யும் இடத்தில் நம்மவரும் அமரவேண்டுமாயின் அறிவு வேண்டும்.

இவ்வறிவைத் தொடங்குவதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. அடியில் சிறு துளையிட்ட வாளியொன்றை நீர்க்குழாயின் கீழ் வைத்து, உட்புறத்தே நடுவில் ஒரு கோடிடுக. ஒரு மாணாக்கன் குழாயைத் திருகி, நீர்மட்டத்தை அக்கோட்டில் நிறுத்தட்டும். கண் திறந்திருக்கும்வரை அவன் எளிதில் வெல்வான். பின்னர் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாத்திரம் மட்டத்தைப் பார்த்துக் குழாயைத் திருத்தட்டும். மற்றொருவன் மணிக்கூட்டோடு நின்று மட்டத்தை அடிக்கடி குறித்து வரைபடம் கீறட்டும். மட்டம் கோட்டுக்கு மேலும் கீழும் அலைவதைக் காண்பர். அவன் பொறுமையிழந்து குழாயைப் பலமாகத் திருகுந்தோறும் அலைவு பெருகும். சிறுகச் சிறுகத் திருகினால் அடங்கும். காலந்தாழ்ந்த செய்தியும் அளவு மிஞ்சிய திருத்தமும் கூடினால் நிலைகுலைவு நேரும் என்னும் விதியை, மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைக் கற்குமுன்னரே அம்மாணாக்கர் கையால் உணர்ந்திருப்பர்.

நம் பழைய மாணவர்களுட் பலர் துறைமுகங்களிலும் ஆலைகளிலும் கப்பல்களிலும், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இக்கருவிகளோடு நாள்தோறும் பழகுகின்றனர். யூபிலி ஆண்டில் கல்லூரிக்குக் கட்டடமும் தளபாடமும் வழங்குவோரை நாம் நன்றியோடு போற்றுகின்றோம். அவற்றோடு, ஊருக்கு வரும் வேளையில் ஒரு பிற்பகலை ஆய்வுகூடத்திற் செலவிட்டு, பழுதுற்றுக் கழித்த உணரியொன்றையோ பழைய கட்டுப்படுத்தியொன்றையோ மாணாக்கர்முன் திறந்துகாட்டி விளக்குவாராயின், அதுவும் ஒரு நிதியமேயாகும். வாளியும் குழாயும் கல்லூரியில் ஏற்கெனவே உள்ளன.